முதலில் யாரிடம் சொன்னாய்

நாளைக் காலை நீ சின்னமனூரில் பஸ் ஏறப் போகிறாய். உன் பெட்டி கூடத்தில் மூடாமல் கிடக்கிறது. நான் அதற்குள் எதையும் வைக்கவில்லை, எதையும் எடுத்து மடித்துச் சீராக்கவும் இல்லை. உன் பொருளைத் தொடும் முன் உன்னைக் கேட்க வேண்டும் என்பதை இந்த ஒரு வருடத்தில்தான் கற்றுக்கொண்டேன். போன வருடம் இதே பெட்டியை நானே அடுக்கி, நானே பூட்டி, சாவியை உன் கையில் கொடுத்தேன். இப்போது நீ இரண்டாம் ஆண்டு மாணவன். உன்னை ‘அண்ணா’ என்று கூப்பிடப் போகிற பிள்ளைகள் எங்கெங்கோ தங்கள் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் இதை இன்றைக்கே எழுதி முடிக்க நினைத்தேன்.

நான் எதையும் ஊரறியச் சொல்கிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். நம் ஊர் நூலகத்தில் நாள் முழுக்க மற்றவர்கள் எழுதியதை அடுக்கிக்கொண்டிருப்பவள், தன் வீட்டைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. ஆனால் உன் விஷயம் வெளியே தெரிந்த பிறகு, புத்தகம் எடுக்க வராதவர்களெல்லாம் நூலகத்துக்கு வந்தார்கள். செய்தித்தாளைத் திறந்து வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு, “ஒரு சந்தேகம்மா, எங்க தங்கச்சி மகன் காலேஜ்ல...” என்று தொடங்குவார்கள். நமக்கு நடந்ததையே திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லும்போதெல்லாம் என் பங்கை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன். இதை ஊரறிய எழுதலாமா என்று உன்னிடம் கேட்டபோது, “பேரு மட்டும் வேணாம் சித்தி. மத்ததெல்லாம் எழுதுங்க. மொட்டையையும் எழுதுங்க” என்றாய். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. வக்கீலம்மாவிடம் காட்டி, அவர் அடித்த வரிகளை நீக்கிவிட்டேன். என்னைப் பற்றிய வரிகளில் ஒன்றைக்கூட அவர் அடிக்கவில்லை.

இந்தக் கடிதத்தில் சட்டம் வரும். அதற்கு முன்னால் என் பொறாமையைச் சொல்லிவிடுகிறேன். சட்டத்தின் வாசலுக்கு நாம் பிந்திப் போனதற்குப் பயத்தைவிட அதுதான் காரணம். உன் அம்மா காய்ச்சலில் இறந்தபோது உனக்கு ஆறு வயது. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது எட்டு. வந்த முதல் வாரம் நான் ஊற்றிய தோசையை நீ தின்றாய். பிறகு மார்க்கையன்கோட்டைப் பெரியம்மாவுக்குப் போன் போட்டு, “இன்னைக்கு தோசை” என்று சொன்னாய். அவ்வளவுதான். நல்லா இருந்தது, இல்லை என்றெல்லாம் எதுவும் சொல்லவில்லை. அன்று நடந்ததை அன்றே உன் அம்மாவின் அக்காவிடம் ஒப்பிப்பது உன் வழக்கம். பக்கத்து அறையில் நின்று நான் அதைக் கேட்பது என் வழக்கம். பதினொரு வருடம் அப்படிக் கேட்டேன். உன் மார்க், உன் காய்ச்சல், நீ சைக்கிளிலிருந்து விழுந்தது, நீ ஒரு பெண்ணைப் பார்த்துச் சிரித்தது, எல்லாமே எனக்குச் சுவரின் மறுபக்கத்திலிருந்துதான் வந்தன. இறந்துபோன உன் அம்மாவின் மேல் எனக்குப் பொறாமை இருந்ததில்லை. உன் சான்றிதழ்களில் எல்லாம் அவர் பெயர் இருப்பது நியாயம்தான். மாவு மில் நடத்திக்கொண்டு, தலையில் மாவோடு, ஒரு பழைய போனில் உன்னை முழுதாக வைத்திருந்த அந்தப் பெரியம்மாவின் மேல்தான் எனக்கு வயிறு எரிந்தது.

கல்லூரியில் சேரும்போது ராகிங் உறுதிமொழிப் படிவம் என்று ஒன்று வந்தது. மாணவர் ஒன்று, பெற்றோர் ஒன்று. நூலகக் கணினியில் நான்தான் நிரப்பினேன். என் மகன் ராகிங்கில் ஈடுபட மாட்டான், ஈடுபட்டால் தண்டனையை ஏற்பேன் என்று வரிசையாக இருந்தது. கையெழுத்து இடத்தில் என் பெயரைப் போட்டபோது எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி. அன்று அந்தப் பெயரைத்தான் பார்த்தேன், படிவத்தைப் படிக்கவில்லை. வீட்டுப் பிள்ளை தவறு செய்தால் என்ன என்று அந்தப் படிவம் திரும்பத் திரும்பக் கேட்கிறது. அவனுக்கு யாராவது செய்தால் நீ என்ன செய்வாய் என்று ஓர் இடத்திலும் அது பெற்றோரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன எழுதியிருப்பேன் என்று இப்போது தெரிகிறது. மொட்டை போட்டுவிடுவேன் என்று எழுதியிருப்பேன்.

மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை மதியம் நீ தொப்பியோடு வந்து இறங்கினாய். உன் அப்பா திராட்சைத் தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். “ஏலே, வீட்டுக்குள்ள என்னடா தொப்பி” என்று பின்னாலிருந்து எடுத்துவிட்டார். நெற்றியிலிருந்து உச்சி வரை ஒரு பட்டையாக முடி இல்லை. இடது புருவத்தில் பாதி இல்லை. “பெட்டு கட்டித் தோத்துட்டேன்ப்பா” என்றாய். அவர் சுற்றிவந்து பார்த்தார். “கவாத்து பண்ணத் தெரியாதவன் கொடிய வெட்டுன மாதிரியில்ல இருக்கு” என்றார். நீயும் சிரித்தாய். நான் உன் முகத்தைப் பார்த்தேன். புருவத்தைப் பந்தயத்தில் வைக்கிற பிள்ளை இல்லை நீ. எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. தெரிந்தும் கேட்கவில்லை. கேட்டால் நீ பெட்டு என்றே மறுபடி சொல்வாய், பிறகு அறைக்குப் போய்ப் பெரியம்மாவிடம் உண்மையைச் சொல்வாய், அதையும் நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். நீ அதை ஏற்கெனவே சொல்லிவிட்டாய் என்பது எனக்குத் தெரியாது.

“ஞாயித்துக்கிழமை பூசைக்கு எப்படிப் போவான்? ஊரு சிரிக்கும்” என்றார் உன் அப்பா. அப்போதுதான் அந்த யோசனையைச் சொன்னேன். அது உன் அப்பாவின் யோசனை என்று இதுவரை எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். இல்லை, என்னுடையது. “மாதாவுக்கு வேண்டுதல்னு சொல்லி மொட்டை போட்டுரலாம். யாரும் எதுவும் கேக்க மாட்டாக” என்றேன். நம் ஊரில் மொட்டைத் தலையைப் பார்த்தால் எந்தக் கோயில் என்றுதான் கேட்பார்கள், ஏன் என்று கேட்க மாட்டார்கள். மறுநாள் காலை மாதா கோயிலுக்குப் பக்கத்தில் நீ குனிந்து உட்கார்ந்தாய். தண்ணீர் தெளித்தபோது, “சித்தி, புருவம்?” என்று மட்டும் கேட்டாய். வீட்டுக்கு வந்து என் கண்மையால் மீதிப் புருவத்தை நானே வரைந்தேன். நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாய். அவ்வளவு நேரம் உன் முகத்தை நான் அதற்கு முன் தொட்டதே இல்லை. சொன்னால் வெட்கம்தான், அன்று நான் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு உன்னோடு நின்று படம் எடுத்து, குடும்பத்துக்கான வாட்ஸாப் குழுவில் போட்டேன். ‘மகனுக்காக மாதாவிடம் வேண்டியது நிறைவேறியது. நன்றி தாயே’ என்று எழுதினேன். ஊர் வாயை மூட அந்தப் படம் தேவையே இல்லை, மொட்டையே போதும். அந்தக் குழுவில் உன் பெரியம்மா இருந்தார், அதற்காகத்தான் போட்டேன். பிள்ளைக்காக வேண்டிக்கொள்கிற உரிமை எனக்குத்தான் என்று அவர் பார்க்கட்டும் என்று போட்டேன். கீழே எல்லோரும் பூவும் கும்பிடுமாகப் போட்டிருந்தார்கள். பெரியம்மா மட்டும் ஒரே சொல் எழுதியிருந்தார்: ‘ஆமென்.’ அந்தச் சொல்லை நான் அன்று முழுக்க ஒரு வெற்றியைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ திரும்பிப் போனாய். மொட்டை போட்ட பதினெட்டாவது நாள் விடுதிக் காப்பாளர் போன் செய்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நீ அந்த ஊர் அரசு மருத்துவமனையில் இடது காதில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தாய். மொட்டையோடு போனவனைச் சாமியார் என்று பெயர் வைத்து, ஆசீர்வாதம் கொடு என்று தினமும் மண்டியிட வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் முடியாது என்றிருக்கிறாய். காதோடு சேர்த்து அறைந்திருக்கிறார்கள். சவ்வு கிழிந்திருக்கிறது என்றார் மருத்துவர். “என்ன நடந்ததுன்னு பையன் சொன்னதை அப்படியே பதிவேட்டுல எழுதிட்டேன். அதோட நகலை வாங்கி வச்சுக்கங்க, தொலைச்சுராதீங்க” என்றார். அந்த மருத்துவரின் பெயர்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. நமக்காக முதல் ஆவணத்தை எழுதியவர் அவர்தான்.

மறுநாள் கல்லூரியில், முதல்வர் அறை. அவர், காப்பாளர், அடித்த மாணவர்களில் ஒருவனின் அப்பா, எதிரே நாம் மூவர். உன் அப்பா குமுளி மலையாள வியாபாரிகளிடம் திராட்சை விலை பேசிப் பழகியவர், எதிராளி பெரிய ஆளாக இருந்தால் தன்னாலே ‘சாரே’ என்று ஆரம்பித்துவிடுவார். “சாரே, பிள்ளைக்கு காது போச்சு” என்றார். அந்தக் குரலிலேயே நாம் பாதி தோற்றுவிட்டோம். முதல்வர் மிகவும் பொறுமையாகப் பேசினார். “இது ராகிங் இல்லைங்க. ஒரே விடுதியில இருக்கிற பசங்க, பேச்சு முத்திப் போச்சு. ரெண்டு தரப்பும் எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சுரும்.” அந்த அப்பா நம் பக்கத்துக்காரர்தான், பேச்சிலேயே தெரிந்தது. “நாங்களும் கம்பம் பக்கந்தேன். இவனுக்கு இது கடைசி வருசம். இங்கன கேஸுன்னு போனா அவன் வாழ்க்கையே போயிரும். உங்க பிள்ளையா நெனச்சுக்கங்க” என்று உன் அப்பாவின் கையைப் பிடித்தார். உன் அப்பா அந்தக் கையை உதறவில்லை. காகிதம் தயாராக மேஜையில் இருந்தது.

“இது மொதத் தடவை இல்ல. போன மாசம் தலைய செரைச்சு விட்டாக” என்று நீதான் சொன்னாய். முதல்வர் காப்பாளரைப் பார்த்தார். காப்பாளர் தன் போனை எடுத்து என் பக்கம் நீட்டினார். நம் குழுவிலிருந்து யாரோ தங்கள் ஸ்டேட்டஸில் வைத்த படம், எப்படியோ சுற்றி அங்கே வந்திருந்தது. நீ, நான், மாதா கோயில், கீழே என் நன்றி. “உங்க வேண்டுதல்னு நீங்களே போட்டிருக்கீங்களேம்மா” என்றார். நீ என்னைப் பார்க்காமல், மேஜையைப் பார்த்துச் சொன்னாய்: “மொட்டைக்கு முந்தி எடுத்த போட்டோ இருக்கு சார். என் போன்ல இல்ல, அழிக்க வச்சுட்டாக. அன்னைக்கே பெரியம்மாவுக்கு அனுப்புனேன். அவுககிட்ட இருக்கு.”

அந்த அறையில் எல்லோருக்கும் அது ஒரு சாட்சியம். எனக்கு மட்டும் வேறொன்று. பாதிப் புருவத்தோடு நீ என் எதிரே கண்ணை மூடி உட்கார்ந்திருந்த நாளில், அந்தப் புருவத்தின் கதை மூன்று நாளாக மார்க்கையன்கோட்டையில் இருந்திருக்கிறது. ‘ஆமென்’ என்று எழுதியவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் எழுந்து, “எழுதிக் குடுக்க மாட்டோம்” என்றேன். அதைத் தைரியம் என்று உன் அப்பா இன்றும் சொல்கிறார். அது கோபம், உன் பெரியம்மாவின் மேல்.

உத்தமபாளையத்தில் நீதிமன்ற வளாகத்திலேயே இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது. அது ஏழைகளுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டு வாசலில் நின்றோம். அங்கிருந்த வக்கீலம்மா, “பொம்பளைக யாரு கேட்டு வந்தாலும் உதவி உண்டு. உள்ள வாங்க” என்றார். நம் ஊர்களில் ஒரு பழக்கம் இருக்கிறது, வழக்கு என்றால் கடைசிக் கதவு என்று நினைக்கிறோம், அதற்கு முன் எல்லாக் கதவையும் தட்டிக் களைத்துவிடுகிறோம். கல்லூரி சம்மதித்தால்தான் போலீசுக்குப் போக முடியும் என்று உன் அப்பா நம்பிக்கொண்டிருந்தார். வக்கீலம்மா அதை மறுத்தார். புகார் வந்த இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் போலீசில் வழக்குப் பதிய வைப்பது கல்லூரியின் கடமை, அவர்கள் செய்யாவிட்டால் நாமே செய்யலாம், அடிபட்டது வேறு மாவட்டமானாலும் நம் ஊர் ஸ்டேஷனில் கொடுத்தால் வாங்கி அங்கே அனுப்ப வேண்டும் என்றார். தமிழ்நாட்டில் ராகிங்குக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. இரண்டு வருடம் வரை சிறை, குற்றம் உறுதியானால் கல்லூரியிலிருந்து நீக்கம், வேறு கல்லூரியிலும் சேர முடியாது. புகாரைக் கண்டுகொள்ளாமல் விடுகிற நிர்வாகத் தலைவரும் உடந்தைதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் உதவி எண்ணுக்குப் பெயர் சொல்லாமல்கூடப் புகார் செய்யலாம், அதற்கும் பதிவு எண் தருவார்கள். கல்லூரி அசையாவிட்டால் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது. காதுக்கு இழப்பீடு கேட்டுத் தனியாக உரிமையியல் வழக்கு போடலாம். இவற்றில் ஒன்றைப் பிடித்தால் மற்றதை விட வேண்டும் என்பதில்லை. கல்லூரியில் நடக்கும் விசாரணையும் போலீஸ் விசாரணையும் வேறு வேறு. இதைத்தான் நூலகத்துக்கு வருகிறவர்களிடம் நான் அழுத்திச் சொல்வது. முதல்வர் அறையில் வைத்து நீட்டும் காகிதத்தில் எதுவும் எழுதிக் கொடுக்காதீர்கள், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லுங்கள்.

பிறகு வக்கீலம்மா, “பையனுக்கு பதினெட்டு முடிஞ்சுருச்சுல்ல? அப்ப புகார் அவன் பேர்லதான். நீங்க கூட நிக்கலாம், அவனுக்குப் பதிலா நிக்க முடியாது” என்றார். நீயும் உன் அப்பாவும் வராந்தாவில் இருந்தீர்கள், நான் மட்டும் உள்ளே. பேனாவைத் திறந்துகொண்டு அவர் கேட்டார்: “முதல் சம்பவத்தை முதல்ல யார்கிட்ட சொன்னான்? அது முக்கியம்மா. சம்பவம் நடந்த கையோட, வக்கீல் போலீஸ்னு யாரும் உள்ள வர்றதுக்கு முந்தி ஒரு பிள்ளை சொல்ற பேச்சுக்குக் கோர்ட்டுல தனி மதிப்பு.”

பதினொரு வருடமாக நான் பதில் தெரிந்து வைத்திருக்கும் கேள்வி அது. கோர்ட்டும் அதையே கேட்கும் என்று நினைக்கவில்லை. “என்கிட்டதான்” என்றேன். “படத்த மட்டும் அவங்க பெரியம்மாவுக்கு அனுப்புனான்.”

அவர் எழுதிக்கொண்டார். பொய் சொல்லும்போது ஒரு தயக்கம் வரும் என்று புத்தகங்களில் படித்திருக்கிறேன். எனக்கு வரவில்லை. சொல்லி முடித்ததும் வயிறு குளிர்ந்தது.

இரண்டு நாள் கழித்து வரைவைக் கொடுத்தார், படித்துப் பார்த்துத் திருத்தம் சொல்லச் சொன்னார். நீ நம் வீட்டுப் படியில் உட்கார்ந்து படித்தாய். நான் வெங்காயம் உரிக்கிற சாக்கில் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது பக்கத்தில் உன் விரல் நின்றது. ‘மேற்படி சம்பவத்தை அன்றே முதன்முதலாக என் தாயாரிடம் தொலைபேசியில் தெரிவித்தேன்.’ நீ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். கோபமே இல்லை. “இது...” என்றாய். பிறகு காகிதத்தை மடித்தாய். “சரி, இருக்கட்டும் சித்தி. நான் கையெழுத்துப் போட்டுர்றேன்.”

மகனே, அந்த ‘இருக்கட்டும்’ எனக்கு வேறு எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. மண்டியிடு என்றால் இருக்கட்டும், படத்தை அழி என்றால் இருக்கட்டும், மொட்டை போடு என்றால் இருக்கட்டும். உன்னை விடப் பெரியவர்கள் ஒன்றைக் கேட்டால், அவர்கள் மனம் கோணாமல் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிற பழக்கம். அதை அந்த விடுதி மட்டும் உனக்குக் கற்றுத் தரவில்லை. எட்டு வயதில், புதிதாக வந்த ஒருத்தி ஊற்றிய தோசையைப் பிடித்தது பிடிக்கவில்லை என்று சொல்லாமல் தின்று முடித்த பிள்ளை நீ. என் பொறாமைக்காக ஒரு பொய்யில் கையெழுத்துப் போடவும் தயாராக இருந்தாய். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைப் பிடித்து இழுத்தால், உன் காது வரை எல்லாமே அவிழ்ந்துவிடும். அது அப்போது எனக்கு இரண்டாவதாகத்தான் தோன்றியது. அந்தச் சீனியர்களோடு ஒரே வரிசையில் நானும் நிற்கிறேன் என்பதுதான் முதலில் தோன்றியது.

வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு மார்க்கையன்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். மில் ஓடிக்கொண்டிருந்தது. பெரியம்மா மிளகாய் அரைத்து முடித்து, கல்லைத் துடைக்க ஒரு படி அரிசியைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை. “வாம்மா. அங்கன நிக்காத, நெடி ஏறும். இங்கன வா” என்றார். நெடி ஏற்கெனவே ஏறி, நான் கண் கலங்கித் தும்மிக்கொண்டிருந்தேன். “அழுகுறியா, தும்முறியா? ஒண்ணச் சொல்லு” என்றார். சிரிப்பு வந்துவிட்டது. பெல்ட்டைத் தள்ளிவிட்டு, மில் ஓய்ந்த பிறகு எதிரே உட்கார்ந்தார்.

“அக்கா, அந்தப் போட்டோ வேணும். போனோட வேணும். அனுப்புனா பத்தாதாம், வந்த போனையே போலீஸ்ல குடுக்கணுமாம்.”

“குடுப்போம். எப்ப?”

“நீங்க கோர்ட்டுல வந்து சொல்லவும் வேணும். உங்ககிட்டத்தான் மொதல்ல சொன்னான்னு.” அந்த வாக்கியத்தை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை. “நான் வக்கீல்கிட்ட எங்கிட்ட சொன்னான்னு சொல்லிட்டேன்.”

அவர் போனை பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, முந்தானையில் துடைத்தார். “இந்தப் போன்ல எடமே இல்ல ஆத்தா. பேரப்பிள்ளை படம், பாட்டு எல்லாத்தையும் அழிச்சேன். இத மட்டும் அழிக்கல” என்று காட்டினார். குளியலறைக் கண்ணாடியில் நீ எடுத்த படம். பட்டையாக வழித்த தலை, பாதிப் புருவம், பின்னால் வாளி. நான் வரைந்து மறைத்த இடம்.

“ஏன்க்கா எங்ககிட்ட சொல்லல?”

அவர் போனை மறுபடி உறைக்குள் போட்டார். வெளியே மிளகாய்க்கு வந்த ஒருவர், “மில்லு ஓடுமா ஓடாதா?” என்று கத்தினார். “ஓடும்யா, உன் மிளகா ஓடிப் போயிராது, இரு” என்று பதிலுக்குக் கத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். “யார்கிட்டயும் சொல்லாதீக பெரியம்மான்னு சத்தியம் வாங்குனான். அதுனாலன்னு சொல்லிக்கிட்டேன். நெசம் அது இல்ல. எங்கிட்ட மட்டும் சொல்லிருக்கான்னு ஒரு பெரும. உங்கிட்ட சொல்லிட்டா அது போயிரும்ல? அப்பொறம் நீ அந்த மொட்டப் படத்தப் போட்ட பாரு. என் தங்கச்சி பிள்ளைக்கு இவ என்னத்த வேண்டுனா, இவ என்ன நன்றி சொல்றான்னு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுச்சு. அப்ப வாயத் தொறந்து, ‘அடியே, அது வேண்டுதல் இல்ல’ன்னு சொல்லிருக்கணும். ஆமென்னு எழுதுனேன். உன்னையக் குத்தத்தேன் எழுதுனேன்.”

“குத்தல. எனக்கு அது புரியவே இல்ல” என்றேன்.

“அதுவும் போச்சா” என்றார்.

நாங்கள் இருவரும் சிரித்தோம், பிறகு சிரிப்பு நின்றது. ‘ஆமென்’ எழுதிய நாளுக்கும் உன் காது கிழிந்த நாளுக்கும் நடுவில் பதினெட்டு நாட்கள். ஒருத்திக்கு நடந்தது என்ன என்று தெரியும். இன்னொருத்திக்கு, ஏதோ நடந்திருக்கிறது என்று தெரியும். ஒரே ஒரு போன் பேச்சில் அவை இரண்டும் சேர்ந்திருக்கும், நீ அந்த விடுதிக்குத் திரும்பியே போயிருக்க மாட்டாய். உன்மேல் யாருக்கு அதிக உரிமை என்று நாங்கள் இழுத்த இழுப்பில் உன்னை அங்கேயே விட்டுவிட்டோம். அடித்தவர்களைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். இந்தப் பதினெட்டு நாட்களுக்குச் சட்டத்தில் பிரிவு எதுவும் இல்லை. இருந்தால் எங்கள் இருவர் பெயரும் அதில் இருக்கும்.

மறுநாள் வக்கீலம்மாவிடம் போய், சொன்னது பொய் என்றேன். அவர் திட்டவில்லை. வரியை அடித்துத் திருத்தி எழுதிவிட்டு, “நீங்களும் சாட்சிதான். அந்த மொட்டை வேண்டுதல் இல்லை, மறைக்கிறதுக்காகப் போட்டதுன்னு கோர்ட்டுல நீங்களே சொல்லணும். ஊர்க்காரங்க இருப்பாங்க, சொல்வீங்களா?” என்று கேட்டார். சொல்வேன் என்றேன். நீ கையெழுத்திட்டாய். நம் ஊர் ஸ்டேஷனில் கொடுத்தோம். அவர்கள் முதலில் அந்த ஊருக்கே போகச் சொன்னார்கள். வக்கீலம்மா பேசிய பிறகு வாங்கிப் பதிந்து அனுப்பினார்கள். கல்லூரி உன்னை அடித்த மூவரையும் இடைநீக்கம் செய்தது. அதே விடுதிக்குத் திரும்புவேன் என்று நீதான் பிடிவாதமாகச் சொன்னாய். கோர்ட்டில் விசாரணை இன்னும் தொடங்கவில்லை. எப்போது முடியும் என்று கேட்டால் வக்கீலம்மா சிரிக்கிறார். பெரியம்மாவின் போன் இன்னும் வழக்குப் பொருளாக எங்கோ உறைபோட்டு இருக்கிறது. புதுப் போனில் அவருக்கு எழுத்து சின்னதாகத் தெரிகிறதாம். என்னிடம்தான் குறைப்பட்டுக்கொள்கிறார்.

ஒரு நாள் உன்னிடம் கேட்டுவிட்டேன், ஏன் அவரிடம் சொன்னாய், என்னிடம் சொல்லவில்லை என்று. நீ யோசித்துத்தான் சொன்னாய். “பெரியம்மாகிட்ட சொன்னா அய்யோம்பாக, அழுவாக, அவ்வளவுதேன். உங்ககிட்ட சொன்னா உடனே ஏதாச்சும் செஞ்சுருவீக சித்தி.” அது புகழ்ச்சியா குற்றச்சாட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருப்பதும் ஒரு வேலை, அதை நான் செய்யவே இல்லை என்பது புரிந்தது. நாளை முதல் ‘அண்ணா’ என்று ஒரு பிள்ளை உன் அறை வாசலில் வந்து நிற்கலாம், தலையில் தொப்பியோடு. அவனை உடனே சரிசெய்து அனுப்பிவிடாதே. முதலில் அவன் சொல்வதைக் கேள். படத்தை அழிக்க விடாதே, சட்டையைத் துவைக்க விடாதே, மருத்துவரிடம் போகாமல் படுக்க விடாதே. பிறகு, அவன் வீட்டில் அவன் யாரிடம் சொல்ல விரும்புகிறானோ அவர்களுக்குப் போன் போட்டுக் கொடு. அது அவன் அம்மாவாக இல்லாமல் போகலாம். காரணம் கேட்காதே. அவன் இருக்கட்டும் என்று சொன்னால் மட்டும் நம்பாதே.

எனக்குப் பொறாமை தீர்ந்துவிட்டது என்று எழுதி முடிக்கத்தான் ஆசை. தீரவில்லை. நேற்று நீ வலது காதில் போனை வைத்துக்கொண்டு வாசலில் பேசிக்கொண்டிருந்தாய். ‘பெரியம்மா’ என்று கேட்டதும் என் கால் தன்னாலே சுவர்ப் பக்கம் போனது. திரும்பி வந்துவிட்டேன், ஆனால் போனது போனதுதான். குற்றப்பத்திரிகையில் சாட்சிப் பட்டியலைப் பார்த்தபோதும் அப்படித்தான். முதல் சாட்சி நீ, இரண்டாவது அவர். என் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தேன், மூன்றாவது. நான்காவதாக இருக்கும் உன் அப்பாவுக்கு அதைப் பற்றி ஒரு வருத்தமும் இல்லை.

இனி உனக்கு எது நடந்தாலும் முதலில் யாரிடம் வேண்டுமானாலும் சொல். எனக்கு எரியும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அடுத்ததாக என்னிடம் சொல். அன்றைக்கே சொல்.

மூன்றாம் சாட்சி,
உன் சித்தி